பொப்கட்டுக்கு ஸ்டம்ப் கிரைண்டர் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்சிகாவத்தையில் ஹைட்ரோலிக் ஹோஸ் செய்து கொடுக்கும் கடையில் நிற்பவனிடம் ஸ்டம்ப் கிரைண்டர் பற்றி ஏன் இத்தனை கேள்வி வருகிறது என்றால், வாங்கியவர்கள் கடைசியில் ஹோஸுக்கும் சீலுக்கும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது மரம் விழுந்து ஐந்து பேர் இறந்த பிறகு, வளவில் நிற்கும் பழைய மரத்தைப் பார்த்துப் பயப்படாத வீட்டுக்காரர் குறைவு. மரத்தை வெட்ட ஆள் கிடைத்துவிடுகிறது. அடிக்கட்டைதான் அப்படியே கிடக்கிறது. அதைத் தூளாக்குவதுதான் ஸ்டம்ப் கிரைண்டர்.

கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்திருக்கிறேன். பொப்கட் என்று இங்கே சொல்வது எந்தக் கம்பனியின் ஸ்கிட் ஸ்டியராகவும், அதாவது முன்னால் பக்கெட் பூட்டிய சிறு லோடராகவும், இருக்கலாம்.

அண்ணே, இது தனி மெஷினா, பொப்கட்டில பூட்டுற சாமானா?

இரண்டும் உண்டு. சொந்த எஞ்சினோடு கையால் தள்ளிப் போகும் சிறியதும், தானாக ஊர்ந்து போகும் பெரியதும் தனி மெஷின்கள். இங்கே பேசுவது பக்கெட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பூட்டும் அட்டாச்மென்ட் பற்றி. அதற்குச் சொந்த எஞ்சின் இல்லை. பொப்கட்டின் பம்ப் தள்ளும் ஒயில்தான் அதன் மோட்டரைச் சுற்றுகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

பெக்கோவால தோண்டிக் கிளப்பி எறிஞ்சா முடியாதா? இதுக்கெண்டு ஏன் தனிச் செலவு?

வெறுங்காணியாக இருந்தால் பெக்கோவே போதும். அத்திவாரம் போட்டு வீடு எழும்பப் போகிற இடத்தில் பெக்கோதான் சரியும்கூட. அங்கே கட்டையோடு பெரிய வேர்களும் வெளியே வரவேண்டும், கிரைண்டர் அதைச் செய்யாது. மண்ணுக்குள் விட்ட வேர் உக்கி, பிறகு நிலம் இறங்கும்.

ஆனால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எட்டுப் பேர்ச் காணியில், மதிலை ஒட்டி நிற்கும் மாமரத்தின் கட்டையை பெக்கோ இழுத்தால் வேரோடு மதிலும் வரும், பக்கத்து வீட்டுக்காரரும் வருவார். போதாததற்கு ஒரு லொறி மண் நிரப்பும் அளவுக்குக் குழி மிஞ்சும். கிரைண்டர் கட்டையை இருந்த இடத்திலேயே தூளாக்குகிறது, சுற்றியுள்ள நிலம் அசைவதில்லை. அதற்குத்தான் அந்தச் செலவு.

எங்கட மெஷினுக்கு எந்தக் கிரைண்டர் சரி? விக்கிறவர் எல்லாத்துக்கும் பொருந்தும் எண்டுறார்.

பூட்டு எல்லாவற்றிலும் பொருந்தலாம். ஓடுமா என்பது வேறு கேள்வி. முதலில் கேட்க வேண்டியது உங்கள் மெஷினின் முன்பக்க ஹோஸ் வாயில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஒயில் வருகிறது என்பதை. சின்னஞ்சிறு பொப்கட்டில் அது 40 லீற்றருக்குக் கிட்ட இருக்கும். நடுத்தர மெஷின்களில் சாதாரண ஓட்டம் ஏறக்குறைய 60 முதல் 90 வரை. ஹை ஃப்ளோ, அதாவது கூடுதல் ஒயில் ஓட்டம் தரும் வசதி, உள்ளவற்றில் 100க்கு மேல், பெரியவற்றில் 150 வரைகூடப் போகும். அமெரிக்கக் கடதாசியில் கலன் கணக்கு இருந்தால் 3.785 ஆல் பெருக்குங்கள்.

அடுத்தது அழுத்தம். ஓட்டத்தை அழுத்தத்தால், அதாவது பார் கணக்கால், பெருக்கி 600 ஆல் பிரித்தால் கிலோவாட் வரும். 75 லீற்றரும் 200 பாரும் என்றால் 25 கிலோவாட், அதாவது சுமார் 33 குதிரைவலு. 40 லீற்றர் மெஷினில் அதே அழுத்தத்துக்கு 13 கிலோவாட்தான், 18 குதிரைவலுவுக்குச் சற்றுக் குறைவு. மோட்டரில் போகும் இழப்பைக் கழித்தால் வெட்டும் பல்லுக்குச் சேருவது இதைவிடக் குறைவு. மெஷினில் 70 குதிரைவலு எஞ்சின் இருக்கிறது என்று காட்டி விற்பவர்கள் உண்டு. எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் ஹோஸ் வழியாக வருவதுதான் கிரைண்டருக்குக் கிடைக்கும்.

கிரைண்டரின் தகட்டில் இன்ன ஓட்டம் முதல் இன்ன ஓட்டம் வரை என்று எழுதியிருக்கும். உங்கள் மெஷினின் எண் அந்த எல்லைக்கு நடுவில் விழுவது நல்லது. கீழ் விளிம்பில் தொட்டுக்கொண்டு நிற்கும் சாமானை நான் வாங்கச் சொல்லமாட்டேன். ஏன் என்பது அடுத்த பதிலில்.

புத்தகம் இல்லை, பழைய மெஷின். ஓட்டத்தை எப்படித் தெரிஞ்சுகொள்ளுறது?

மொடல் எண்ணை வைத்துக் கம்பனி விபரத்தாளைத் தேடலாம். ஆனால் அது புது மெஷினின் கணக்கு. ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓடிய பம்ப் உள்ளே தேய்ந்து கசியும். சுமை இல்லாதபோது ஓட்டம் சரியாகத் தெரியும், அழுத்தம் ஏறியதும் விழும். அதனால் ஃப்ளோ மீற்றர் போட்டு, ஒயில் சூடான பிறகு, சுமை கொடுத்து அளக்க வேண்டும். குளிர்ந்த ஒயிலில் எடுத்த அளவை நம்பாதீர்கள். கிரைண்டர் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்குப் போகும் காசு ஒன்றுமில்லை.

ஹை ஃப்ளோ இல்லாட்டி வாங்காமலே விடுறதா?

அப்படியில்லை. சாதாரண ஓட்டத்துக்கென்றே செய்த கிரைண்டர்கள் இருக்கின்றன. வெட்டுச் சில்லு சிறியது, ஒரு தடவையில் எடுக்கும் தூள் குறைவு, நேரம் கூடும். வாரத்துக்கு ஒரு வீட்டு வேலை செய்பவருக்கு அது பிரச்சினையே இல்லை. நாள் முழுக்க வீதியோரக் கட்டைகளை வரிசையாக எடுக்கும் ஒப்பந்தக்காரருக்குத்தான் ஹை ஃப்ளோ காசைத் திருப்பித் தரும்.

சில்லு மாதிரியும் கூம்பு மாதிரியும் ரெண்டு விதம் காட்டினாங்க. எது நல்லது?

சில்லு வகையில் விளிம்பு முழுக்க காபைட் பல்லுகள். வேகமாகச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஆடி, கட்டையைப் படை படையாகச் சீவும். வேலை விரைவு, அகலமான கட்டைக்கு ஏற்றது. தூளையும் கல்லையும் வீசி எறிவதுதான் குறை.

கூம்பு வகை, கம்பத்துக்குக் குழி தோண்டும் ஓகர் மோட்டரில் பூட்டுவது. மெதுவாக, ஆனால் பெரும் முறுக்குவிசையோடு சுற்றி, மேலிருந்து துருவிக்கொண்டு இறங்கும். எதையும் வீசாது. கண்ணாடி ஜன்னலும் நிறுத்திய காருமாக இருக்கும் கொழும்பு வளவுக்குள் இது பெரிய நன்மை. ஓட்டம் குறைந்த மெஷினிலும் ஓடும். மழை நின்றதும் வேலிக்குக் குழி தோண்ட அதே மோட்டரைப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டடிக்கு மேல் அகலமான கட்டையென்றால் பல இடத்தில் இறக்கி இறக்கி எடுக்க வேண்டும், பொறுமை போய்விடும். காய்ந்து இறுகிய கட்டையிலும் அதற்குத் திணறல்தான்.

வீட்டு வேலை மட்டும் செய்பவர், ஏற்கெனவே ஓகர் வைத்திருப்பவர் என்றால் கூம்பை வாங்குங்கள். கறுவாத்தோட்டத்துப் பெரிய மாரா மரம், மஹோகனி என்று போகிறவர் சில்லைத்தான் பார்க்க வேண்டும்.

தென்னங்கட்டைதான் எங்களுக்குக் கூட வருது. அதுக்கு எது?

தென்னைக்கு ஆணிவேர் இல்லை. அடிக்குமிழிலிருந்து நூற்றுக்கணக்கான மெல்லிய வேர்கள் பரவும். மரம் என்பதைவிட அது நார்க் கற்றை. பல்லு மழுங்கியிருந்தால் நாரை வெட்டாது, இழுக்கும். இழுபட்ட நார் சில்லின் தண்டில் சுற்றிக்கொண்டு பெயாரிங் சீலைத் தின்னும். ஆகவே சில்லு வகை, கூரான பல்லு, வேலை முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு தண்டில் சுற்றிய நாரை வெட்டி எடுப்பது. தண்டுக்கும் பெயாரிங்குக்கும் இடையில் நார்க் காப்பு வைத்த சாமான் கிடைத்தால் அதற்குச் சற்றுக் கூடக் கொடுக்கலாம்.

தூளைத் தென்னைக்குப் பக்கத்தில் குவித்து வைக்காதீர்கள். உக்கும் தென்னைக் கழிவில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அடுத்தது மிச்ச மரத்தின் குருத்துக்குப் போகும்.

கொழும்பு மண்ணில கல்லும் கட்டட உடைசலும்தானே. பல்லு தாங்குமா?

இதுதான் சரியான கேள்வி, வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. நுகேகொடை, மஹரகம பக்கம் சிவந்த கபுக். தெஹிவளையிலிருந்து கல்கிசை வரை கடலோரத்தில் மணல். வெல்லம்பிட்டி, கொலன்னாவை மாதிரிச் சதுப்பை நிரப்பிய இடங்களில் செங்கல், கொங்கிரீட் துண்டு, கம்பி என்று நிரப்பியவர் கொண்டுவந்து கொட்டிய அத்தனையும். காபைட் மிகக் கடினமானது, ஆனால் நொறுங்கும். மணல் அதை மெல்லத் தேய்க்கும், கம்பியோ ஒரு அடியில் முனையை உடைக்கும்.

அதனால் சாமான் விலையைக் கேட்பதற்கு முன் பல்லின் விலையைக் கேளுங்கள். எத்தனை பல்லு, ஒன்றின் விலை என்ன, கொழும்பில் கையிருப்பில் இருக்கிறதா, போல்ட் அளவு என்ன. மழுங்கினால் திருப்பி வைத்து அடுத்த கூர்ப்பக்கத்தைப் பயன்படுத்தக்கூடிய வட்டப் பல்லுகள் உள்ளன. நம் மண்ணுக்கு நான் அவற்றைத்தான் சொல்வேன். ஒரே பக்கக் கூருள்ள பல்லு மலிவாக இருக்கும், ஆனால் தீட்டக் கழற்றும் ஒவ்வொரு முறையும் மெஷின் சும்மா நிற்கும். வேலை தொடங்கு முன் மண்வெட்டியால் கட்டையைச் சுற்றி ஒரு சாண் கிளறி, தெரிகிற கல்லைப் பொறுக்குவது பல்லுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

பின்னுக்கு உள்ள பூட்டு எல்லா பொப்கட்டுக்கும் ஒண்டுதானே?

பெரும்பாலான புதிய நடுத்தர, பெரிய மெஷின்களில் ஒன்றுதான். இரண்டு நெம்புகோலை அழுத்திப் பூட்டும் அந்தத் தகடு இப்போது ஐஎஸ்ஓ 24410 என்ற பொது அளவு. ஆனால் நின்றுகொண்டு ஓட்டும் மினி லோடர்களின் தகடு சிறியது, வேறு. ஜப்பானிலிருந்து வந்த பழைய சிறு மெஷின்கள் சிலவற்றில் கம்பனியின் சொந்தப் பூட்டு. இடைத்தகடு ஒன்றை வெல்டிங் பண்ணிப் பூட்டலாம் என்று சொல்வார்கள். பூட்டலாம்தான். ஆனால் கிரைண்டர் மெஷினிலிருந்து அந்தளவு தூரம் முன்னே தள்ளிப் போகும், பாரமும் கூடும். மெஷின் தூக்கலாம் என்று குறித்த எடை, டயரில் ஓடும் மெஷின்களில், மெஷினையே முன்பக்கம் கவிழ்க்கும் எடையில் பாதி. அதைக் கிரைண்டரின் எடையோடு ஒப்பிட்ட பிறகே இடைத்தகட்டைப் பற்றி யோசியுங்கள்.

ரெண்டு பெரிய ஹோஸோட மூண்டாவதா ஒரு சின்ன ஹோஸ் தொங்குது. மெஷினில அதுக்கு வாய் இல்லை. அடைச்சு விடலாமோ?

கூடாது. அடைத்துவிட்டு ஓட்டியவர்களின் மோட்டர்கள் எங்கள் கடை மேசைக்கு வருகின்றன. அது கேஸ் டிரெய்ன். மோட்டருக்குள் கசியும் கொஞ்ச ஒயில், அழுத்தமில்லாமல் தாங்கிக்குத் திரும்பிப் போகும் வழி. அதை அடைத்தால் மோட்டர்க் கூட்டுக்குள் அழுத்தம் ஏறி, தண்டின் சீல் பிதுங்கி வெளியே வரும். பெரிய திரும்பு ஹோஸோடு அதை ‘T’ இணைப்புப் போட்டுச் சேர்ப்பதும் ஏறத்தாழ அதே தவறு, அந்த ஹோஸிலும் அழுத்தம் இருக்கிறது. மெஷினில் வாய் இல்லாவிட்டால் தாங்கிக்கு நேரே போகும் ஒரு வழியை இழுத்துக் கொடுக்கலாம். அல்லது கேஸ் டிரெய்ன் தேவைப்படாத மோட்டர் உள்ள கிரைண்டரை வாங்கலாம்.

வயர் சொக்கட் பொருந்தல்ல. வெட்டி ஒட்டினா வேலை செய்யுமா?

கிரைண்டர் பக்கவாட்டில் ஆடுவதற்கு சிறிய வால்வு ஒன்று இருக்கும். அதை ஓட்டுநர் கைப்பிடியிலிருந்து இயக்கத்தான் இந்த வயர். 7 பின், 14 பின், கம்பனிக்கு ஒரு விதமான கணினிச் சைகை என்று பல உண்டு. சில மெஷின்கள் அட்டாச்மென்டை அடையாளம் கண்ட பிறகுதான் மின்சாரத்தையே விடும், அவற்றில் வெட்டி ஒட்டுவது நடக்காத காரியம். கபினுக்குள் தனியாக வைக்கும் சுவிட்ச் பெட்டியோடு வரும் சாமானைக் கேளுங்கள், 12 வோல்ட் இருந்தால் ஓடும்.

ஆடும் வசதியே இல்லாத மலிவு வகையும் உண்டு. மெஷினையே திருப்பித் திருப்பித்தான் சீவ வேண்டும். ஸ்கிட் ஸ்டியர் டயரைத் தேய்த்துத்தானே திரும்பும்? அரைமணியில் புல்லுத்தரை உழுத வயலாகிவிடும். நான் வாங்கமாட்டேன்.

வீட்டுக் கேட் ஒடுக்கம். மெஷின் உள்ளுக்குப் போகாட்டி?

மிகச் சிறிய பொப்கட் சுமார் 90 சென்ரிமீற்றர் அகலம். நடுத்தரமானவை 1.7, 1.8 மீற்றர். வெள்ளவத்தைக் குறுக்குத் தெருக்களில் கேட்டைவிடப் பெரிய சிக்கல், தெருவிலிருந்து கேட்டுக்குத் திரும்பும் இடம். முன்னால் கிரைண்டரோடு நீளத்தைச் சேர்த்து அளந்து பாருங்கள். சிறிய மெஷின் என்று முடிவானால் ஓட்டம் 40 லீற்றருக்கு இறங்கும், அதனால் மேலே சொன்ன கூம்பு வகை அல்லது சிறு சில்லு. பெரிய கிரைண்டரை வாங்கிவிட்டுச் சின்ன மெஷினைத் தேடி வருபவர்கள்தான் எங்களிடம் அதிகம்.

முன் கதவு இல்லாம ஓட்டலாமா? ஏசி இல்லை, வேர்க்குது.

இல்லை. கிரைண்டருக்கு பொலிகாபனேட் என்ற வலுவான பிளாஸ்டிக் முன்கதவு கட்டாயம். சாதாரணக் கண்ணாடியும் போதாது. சில்லைச் சுற்றியுள்ள இறப்பர்த் திரை கிழிந்திருந்தால் மாற்றிய பிறகுதான் வேலை. ஒயிலை நிறுத்தியதும் சில்லு உடனே நிற்காது, அது முற்றாக நின்ற பிறகுதான் கபினிலிருந்து இறங்கலாம். உதவிக்கு நிற்கும் தம்பிமாரை வீதிக்குத் துரத்திவிடுங்கள்.

எவ்வளவு ஆழம் போறதை வாங்குறது?

மேலே புல்லுப் போடுவதற்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர் போதும். அதே இடத்தில் மரம் நட, அல்லது இன்டர்லொக் கல் பதிக்க 30 முதல் 45 வரை வேண்டும். சில்லு எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆழம், கூடவே அவ்வளவு ஓட்டம். விளம்பரத்தில் போடுவது மெஷின் சமதரையில் நிற்கும்போது கிடைக்கும் உச்ச ஆழம்.

குழியை அன்றே மண்ணால் மூடுங்கள். மழைத்தண்ணீர் தேங்கினால் நுளம்பு வரும், பிறகு டெங்குப் பரிசோதகரும் வருவார். தூளையே போட்டு நிரப்பினால் அது உக்கி இறங்கும், கறையானும் கூடும்.

கீழ வயர், பைப் இருக்குமே?

கொழும்பு நகருக்குள் மின்கேபிள்கள் பல இடங்களில் நிலத்துக்குக் கீழேதான் போகின்றன. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், தொலைபேசிக் கேபிள் எல்லாம் மதிலோரமாக வரும். மரமும் மதிலோரந்தான் நிற்கும். மீற்றர்ப் பெட்டி, தண்ணீர் மீற்றர், மேன்ஹோல் மூடி மூன்றையும் பார்த்து, இடையில் கோடு இழுத்து யோசியுங்கள். கட்டை அந்தக் கோட்டில் விழுந்தால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடமும் நீர் வழங்கல் சபையிடமும் கேட்காமல் சில்லை இறக்க வேண்டாம். வேர் குழாயைச் சுற்றி வளர்ந்திருப்பது சாதாரணம், அந்தப் பக்கத்தைக் கையால் தோண்டிப் பார்ப்பதுதான் வழி.

கட்டைய எடுக்க அனுமதி வேணுமா?

மரத்தை வெட்டும்போதே அது தீர்ந்திருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது. உங்களைக் கூப்பிட்டவரிடம் அந்தக் கடதாசி இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை. தூளாக்கிய பிறகு என்ன மரம் நின்றது என்பதற்கு நீங்கள்தான் சாட்சி. வேலிக்கு வெளியே நடைபாதையில் நிற்கும் கட்டை வீட்டுக்காரருடையது அல்ல, அவர் காசு தந்தாலும் தொடாதீர்கள்.

நானா, பழசு ஒண்டு வந்திருக்கு. என்ன பார்த்து வாங்குறது?

சில்லைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் போய்விட்டது. பல்லு புதிதாக இருப்பதில் மயங்க வேண்டாம், பல்லு உட்காரும் குழிகளைப் பாருங்கள். அவை தேய்ந்திருந்தால் புதுப் பல்லும் நிற்காது. ஆடும் மூட்டின் வெல்டிங்கில் புதிதாக அடித்த பெயின்ட்டுக்குக் கீழே வெடிப்பு ஒளிந்திருக்கும். கேஸ் டிரெய்ன் வாய் அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், அடைத்திருந்தால் அதன் கதை ஏற்கெனவே சொன்னதுதான். கடைசியாக, உங்கள் மெஷினில் பூட்டி ஒரு கட்டையை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவரின் மெஷினில் ஓடுவதைப் பார்ப்பது எதையும் காட்டாது.

சொந்தமா வாங்குறதா, வாடகைக்கு எடுக்கிறதா?

வேலைக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். ஒரு மாதத்தில் எத்தனை நாள் கிரைண்டர் பூட்டியிருக்கும் என்பதை உண்மையாக எழுதுங்கள். அதில் பல்லு, ஹோஸ், டீசல், தூள் ஏற்றும் லொறி எல்லாவற்றையும் கழியுங்கள். மழைக்காலத்தில் ஈர நிலத்தில் டயர் மெஷின் புதைந்து நிற்கும் நாட்களையும் கழியுங்கள். பொப்கட்டை எப்படியும் மண் வேலைக்கு ஓட்டுபவருக்கு அட்டாச்மென்ட் கூடுதல் வருமானம். கிரைண்டருக்காகவே பொப்கட் வாங்கப் போகிறேன் என்றவரிடம் தானாக ஓடும் தனி மெஷினின் விலையையும் கேட்டுவரச் சொன்னேன்.

ஹை ஃப்ளோ மெஷினில சாதாரண கிரைண்டரைப் பூட்டினா இன்னும் வேகமா ஓடுந்தானே? நல்லதுதானே?

வேகமாக ஓடும், அதுதான் ஆபத்து. மோட்டர் ஒரு சுற்றுக்கு 100 சிசி குடிக்கிறது என்று வைப்போம். 75 லீற்றர் கொடுத்தால், கசிவைக் கணக்கில் எடுக்காவிட்டால், நிமிடத்துக்கு 750 சுற்று. 130 கொடுத்தால் 1300. சில்லும் பெயாரிங்கும் அந்த வேகத்துக்குச் செய்யப்படவில்லை. உடையும் பல்லு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெஷினில் ஹை ஃப்ளோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். வெட்டும் விசை ஓட்டத்தால் அதிகரிக்காது, அது அழுத்தமும் மோட்டரின் அளவும் சேர்ந்து தருவது.

ஒரு மணித்தியாலம் ஓடினா ஒயில் கொதிக்குது, மெஷின் சத்தம் போடுது. கிரைண்டர் பிழையா?

முதலில் ரேடியேட்டரையும் ஒயில் கூலரையும் பாருங்கள். மரத்தூள் பாய் விரித்ததுபோல் ஒட்டியிருக்கும். வெட்டு வேலையில் அதை அடிக்கடி ஊத வேண்டும், எஞ்சினைச் சுற்றிச் சேரும் காய்ந்த தூளுக்குத் தீப்பிடிக்கவும் முடியும். அது சுத்தமாக இருந்தும் சூடேறினால், ஓட்டுநர் சில்லை நிற்கும் அளவுக்கு அழுத்துகிறாரா என்று கவனியுங்கள். சில்லு திணறும்போது ஒயில், அழுத்தம் கூடினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகப் போய், வலு முழுவதும் சூடாக மாறுகிறது. மெல்லிய படையாகச் சீவச் சொல்லுங்கள். மூன்றாவது, ஹோஸ் முனையிலுள்ள தட்டையான இணைப்பு கிரைண்டரின் ஓட்டத்துக்குச் சிறியதா என்று பாருங்கள்.

மூன்றும் சரியென்றால் பம்பை அளக்க வேண்டியதுதான், தொடக்கத்தில் சொன்ன அந்த ஃப்ளோ மீற்றரை எடுங்கள்.

கட்டை மதிலுக்கு அரையடியில நிக்குது. கிரைண்டர் போகுமா?

சில்லு வகை மதிலுக்குச் சமாந்தரமாக ஆடும்படி மெஷினை நிறுத்த முடிந்தால் போகும். சில்லின் ஆட்டம் மதிலுக்குச் செங்குத்தாகத்தான் வரும் என்றால் மதிலோரத்து நாலைந்து விரற்கட்டை மிஞ்சும். மிஞ்சியதைக் கோடரியாலோ சங்கிலி வாளாலோ எடுக்கலாம். மதிலின் அத்திவாரம் வேருக்கு மேலேயே கட்டப்பட்டிருப்பதும் நடக்கிறது. அப்படியானால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் மண்மட்டத்துக்குக் கீழே சீவி மூடுகிறோம் என்று வீட்டுக்காரரிடம் வேலைக்கு முன்பே சொல்லி, விலையையும் அதற்கேற்பப் பேசிக்கொள்ளுங்கள்.